தோடையின் 'தொழுநோய்': காரணம் என்னும் கருத்துப் பற்றிச் சில சிந்தனைகள்

1

நோய் ஒன்றின் காரணம் யாது என்ற வினா மருத்துவர்க்கும் தாவர நோயியலாளர்க்கும் மட்டும் உரியதன்று. எதனைக் காரணமாகக் கொள்வது, எதனை வெறும் சூழ்நிலை என்று ஒதுக்குவது என்பது எல்லா அறிவுத்துறைகளுக்கும் பொதுவான பிரச்சினையாகும். இலக்கியப் படைப்பொன்றின் தோற்றத்துக்குக் காரணம் ஆசிரியனது தனிமேதையா, அவன் வாழ்ந்த சமூகமா என்று நாம் நெடுங்காலமாக நடத்திவரும் விவாதமும் இப்பிரச்சினையின் ஒரு கூறே எனலாம். எனவே, இலக்கிய மாணவர்களும் சமூகவியல் மாணவர்களும் இயற்கை விஞ்ஞானத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்து ஆராய்வது பயனற்ற முயற்சியாகாது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள், இலத்தீன் அமெரிக்க நாடுகளில், சிறப்பாகப் பிறேசிலில், தோடைச் செய்கையைப் பல பத்தாண்டுகளாக வருத்திவரும் ஒரு நோயாகும். 'லெப்ரோசிசு' என்பது அதன் பெயர். தொழுநோயைக் குறிக்கும் பழஞ்சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. நோயுற்ற தோடையின் இலைகளில் வெளிறிய மஞ்சள் வட்டங்கள் தோன்றும். வட்டத்தின் நடுப்பகுதி நாளடைவிற் கபில நிறமாகிக் கருகும். இளங்கிளைகளிற் பட்டை வெடித்துச் செதில் செதிலாக உரியும். காய்களிற் சற்றே குழிந்த கருங்கபிலப் புள்ளிகள் விழும். இலையும் காயும் முதிருமுன்னர் உதிர, கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பட்டுவரும். கவனியாது விடப்படும் மரம் சில ஆண்டுகளிற் பயனற்றுப்போகும், இறந்துபடவுங் கூடும். இனிப்புத் தோடையே இந்நோய்க்கு மிக எளிதில் இலக்காவது. மன்டரின் வகைகள் அதனினும் தாங்குந்திறன் உடையன. பிறேசிலிற் பரவியுள்ள வடிவத்தைப் பொறுத்தவரை, தேசி, எலுமிச்சை வகைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இந்நோயைச் சிற்றுண்ணிகள் காவிச்செல்லும் வைரசுகளே உண்டாக்குகின்றன என்று இன்றைய பாடநூல்கள் கூறும். இக்கூற்று உண்மையானது. ஆயின் அது முழுமையான விளக்கமாகுமா என்பதே நாம் எழுப்பும் வினாவாகும்.

2

இந்நோய் முதன்முதலில் ஆராயப்பட்ட இடம் ஐக்கிய அமெரிக்காவின் புளொரிடா மாநிலமாகும். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அங்கு பணியாற்றிய போசெற் என்னும் தாவர நோயியலாளர் அதனை விபரித்தார். பட்டையை நோக்கியோர் அதனைச் 'செதிற்பட்டை' என்றனர். காயை நோக்கியோர் 'ஆணித்தலைத் துரு' என்றனர். துரு என்பது பங்கசு நோய்களைக் குறிப்பிடப் பயின்றுவந்த சொல். பெயரிலேயே ஒரு காரணம் ஊகிக்கப்பட்டிருந்தமை கவனத்திற்குரியது. காயங்களில் வளர்ந்திருந்த பங்கசு ஒன்றையே போசெற்றும் 1911இற் காரணமாகக் கருதினார். பராகுவே நாட்டின் தோடைகளை ஆராய்ந்த இத்தாலியப் பிறப்பினரான ஸ்பெகற்சினி, 1920இல் இந்நோய்க்கு 'வெடிக்கும் தொழுநோய்' என்று பெயரிட்டார். அவரும் பங்கசையே குற்றவாளியாகக் கண்டார். பங்கசியலே அக்காலத் தாவர நோயியலின் தலைமைத் துறையாகவும், சாதாரண நுணுக்குக்காட்டியே அதன் முதன்மைக் கருவியாகவும் இருந்தன. அக்கருவி காட்டக்கூடியதையே அத்துறையினர் கண்டனர் என்பதில் வியப்பில்லை.

ஆர்ஜென்டீனாவில் 1940இல் பிரெசி என்பாரும், 1945இல் வெர்கானி என்பாரும் செய்த ஆய்வுகள் கவனத்தைச் சிற்றுண்ணியின்மீது திருப்பின. தட்டையான உடலும் செந்நிறமும் உடைய, நீளத்தில் மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கைத் தாண்டாத இவ்வுயிர், பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்தி வகுப்பின் உறவினது. பிறேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் 1930களில் இந்நோய் ஆராயப்படத் தொடங்கியிருந்தது. அங்கு விக்ரோரியா றொசெற்றி என்னும் பெண் விஞ்ஞானியும் முசுமெசியும் 1960களின் தொடக்கத்திற் சிற்றுண்ணியின் பங்கைச் சோதனைவழி உறுதிப்படுத்தினர். இருந்தும் ஐயம் தீரவில்லை. சிற்றுண்ணி ஏதோவொரு கிருமியைக் காவுகின்றதா, அன்றி அதன் உமிழ்நீரே நஞ்சா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. நஞ்சென்று கொண்டோரின் பக்கத்திலும் வலுவான சான்று இருந்தது. வைரசு நோய்கள் பொதுவாக மரமெங்கும் பரவுவன. இந்நோயோ உண்ணி கடித்த இடத்தைவிட்டு அகலவில்லை.

1972இற் பிறேசில் நாட்டவரான கித்தாஜிமாவும் அவரது தோழர்களும் நோயுற்ற இழையங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியினூடே ஆராய்ந்து, கலங்களின் கருவினுள் குறுங்கோல் வடிவான துணிக்கைகளைக் கண்டனர். பின்னர், நோயுற்ற வேறு மரங்களிற் கருவைத் தவிர்த்துக் குழியவுருவில் மாத்திரம் தங்கும் துணிக்கைகள் அறியப்பட்டன. பிறேசிலில் மிகப் பரவலாக இருப்பது இப்பிந்திய வகையே என்பது தெளிவாயிற்று. அதன் பரம்பரையலகுத் தொகுதி 2006இல் முழுமையாக வாசிக்கப்பட்டது.

பங்கசு, உண்ணி, நஞ்சு, வைரசு என்று ஒரு நூற்றாண்டுக்குள் காரணம் பன்முறை மாறியுள்ளது. இதனைக் கொண்டு விஞ்ஞானம் நிலையற்றது என்று முடிவுகட்டுவது பேதைமையாகும். ஒவ்வொரு கட்டமும் முந்தியதைவிட ஆழமான உண்மையை எட்டியது. ஆயின் ஒவ்வொரு கட்டத்திலும் தேடப்பட்டது தனியொரு பொருளே. அப்பொருள் கைப்பட்டதும் விளக்கம் முற்றுப்பெற்றது என்ற எண்ணம் மட்டும் மாறாது தொடர்ந்து வந்தது.

3

வைரசு கண்டறியப்பட்ட பின்னர் நிகழ்ந்தவையே நமது வினாவுக்கு மிக முக்கியமானவை. ஒரு நோய்க்கு ஒரு வைரசு என்ற எதிர்பார்ப்பு இங்கு பொய்த்தது. இன்று 'லெப்ரோசிசு' என்ற பெயரின்கீழ் வருவன ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இரு வைரசுக் குடும்பங்களின் உறுப்புகளாகும்.

குழியவுருவில் தங்குவன ஒரு குடும்பத்தைச் சார்ந்தன. கித்தாஜிமாவின் பெயராலேயே அக்குடும்பம் இன்று வழங்கப்படுகின்றது. பிறேசிலின் முதன்மை வைரசும், கொலம்பியாவிலிருந்து 2013இல் விபரிக்கப்பட்ட இரண்டாவது வைரசும் இதனுள் அடங்கும். ஹவாய்த் தீவுகளிலே தோடை இனங்களிற் கண்டு 2012இல் விபரிக்கப்பட்ட இன்னொன்றும் இதனுள் அடங்கும். கருவினுட் தங்குவனவோ விசர்நாய்க்கடி வைரசு இடம்பெறும் பெருங்குடும்பத்தின் ஒரு கிளையாகும். ஓர்க்கிட் செடிகளிற் புள்ளிகளை உண்டாக்கும் வைரசு இக்கிளையினது. அதன் சில வடிவங்கள் மெக்சிக்கோவிலும் பிற இடங்களிலும் தோடை இனங்களைத் தாக்குகின்றன. இவ்விரு குடும்பங்களும் தம் பரம்பரைச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவிற் கொண்டிருப்பினும், அதனை வாசிக்கும் திசையே இரண்டுக்கும் எதிரெதிரானது. உயிரியல் உறவின்படி இவை மிகத் தொலைவிலுள்ளவை. எனினும் மரத்தில் இவை தோற்றுவிக்கும் காயங்களை வெறுங்கண்ணாற் பிரித்தறிதல் அரிது.

இவ்வேறுபட்ட வைரசுகளுக்குப் பொதுவானது யாது? ஒன்று, அவற்றைக் காவும் சிற்றுண்ணிப் பேரினம். 'பிரெவிபல்பசு' என்பது அதன் பெயர். ஒரே இனமென நெடுங்காலம் கருதப்பட்ட உண்ணி, உண்மையிற் பல இனங்களின் தொகுதி என்பதை 2015இல் வெளியான வகைப்பாட்டாய்வு காட்டியது. பிறேசிலின் தோட்டங்களில் முதன்மைக் காவியாக இயங்குவது அவற்றுள் ஒன்று. இவ்வுண்ணிகளிற் பெரும்பாலானவை பெண்களே. இவை கன்னிப்பிறப்பால் பெருகுவன. உடலினுள் வாழும் பற்றீரியா ஒன்று ஆணாகவேண்டிய முட்டையையும் பெண்ணாக்கிவிடுகின்றது. இரண்டே நிறமூர்த்தங்களைக் கொண்ட ஒருமடியப் பெண்களாலான இனம் இது என்று 2001இல் நிறுவப்பட்டபோது உயிரியலாளர் வியந்தனர். தனித்து வந்துசேரும் ஓர் உண்ணியே ஒரு தோட்டத்தை நிரப்பும் சந்ததியைத் தோற்றுவிக்கக்கூடும்.

மற்றைய பொதுமை இன்னும் ஆழமானது. புகையிலைச் சித்திர வைரசு முதலிய நாமறிந்த தாவர வைரசுகள் ஒரு கலத்தினுட் புகுந்ததும் அயற்கலங்களுக்குப் பரவி, உரியத்தின் வழியே செடி முழுவதையும் ஆட்கொள்வன. தோடையைத் தாக்கும் இவ்வைரசுகள் அங்ஙனம் செய்வதில்லை. உண்ணி வாய்வைத்த இடத்தைச் சூழவுள்ள சிறு வட்டத்துள்ளேயே அவை அடங்கிவிடுகின்றன. அவ்வட்டத்தினுள் கலங்கள் மடிவது, மரம் தன்னைக் காத்துக்கொள்ளும் எதிர்வினையோடு தொடர்புடையது என்று அண்மைக்கால ஆய்வுகள் கருதுகின்றன. உண்ணியின் முட்டைவழியாகவும் வைரசு அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. புதிதாகப் பொரித்த ஒவ்வோர் உண்ணியும் தூய்மையாகவே பிறக்கின்றது. நோயுற்ற காயமொன்றில் உணவருந்தும்போதே அது வைரசைப் பெறுகின்றது. வேறோரிடத்தில் அது வாய்வைத்தபின் காயம் வெளிப்பட ஏறத்தாழ மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் செல்லும்.

இதன் பொருள் யாது? மரத்தினுள் தானாக நகர இயலாத வைரசு, உண்ணியின்றி ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்குக்கூடச் செல்லமாட்டாது. காயமின்றேல் உண்ணி வெறும் உண்ணியே. மரம் முழுவதும் நோயுறுவதென்பது, ஆயிரக்கணக்கான தனித்தனிக் கடிகளின் கூட்டுத்தொகையன்றி வேறன்று. வைரசு, உண்ணி, மரம் ஆகியவற்றுள் எதனைத் தனியே எடுத்தாலும் அங்கே நோய் இல்லை. அவற்றுக்கிடையிலான உறவும், அவ்வுறவு இடையறாது புதுப்பிக்கப்படும் நிலைமையுமே நோயாகும். வைரசுகள் இரண்டாக வேறுபட்டும் நோய் ஒன்றாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

4

அவ்வுறவு எங்கே, எப்போது ஏற்பட்டது என்று நோக்குமிடத்து வரலாறு உட்புகுகின்றது. தோடை அமெரிக்கக் கண்டத்து மரமன்று, ஆசியாவிற் பிறந்தது. தோடையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் அரபு, பாரசீகம், வடமொழி ஆகியவற்றினூடாகப் பின்னோக்கிச் சென்று, நம் 'நாரத்தை' என்னும் சொல்லோடு உறவுடைய திராவிட வேரொன்றில் முடிவதாக மொழியியலாளர் பலர் கொள்வர். சொல் சென்ற வழியே பழமும் சென்றது. 1493இற் கொலம்பசின் இரண்டாவது பயணம் நாரத்தை இன விதைகளைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுசென்றது; பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் அவற்றைப் பிறேசிலில் நட்டனர்.

குழியவுருவிற் தங்கும் முதன்மை வைரசோ அமெரிக்கக் கண்டத்திலன்றி வேறெங்கும் நிலைகொண்டதாக அறியப்படவில்லை. அதன் குடும்பத்தினர் பூச்சிகளிற் காணப்படும் சில வைரசுகளுக்கு நெருங்கியவர்களாக உள்ளமையால், கணுக்காலிகளில் வாழ்ந்த வைரசுகளே பின்னர் தாவரங்களுக்குப் பழக்கப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவர். தோட்டங்களிற் களையாக வளரும் செடிகளும், கொலம்பியாவில் வேலியாக நடப்படும் ஒருவகை முட்செடியும் இவ்வைரசுக்கு இடமளிப்பவை. ஆகவே, அமெரிக்க மண்ணின் வைரசொன்று ஆசியாவிலிருந்து கொணரப்பட்ட மரத்தைச் சந்தித்ததன் விளைவே இந்நோய் என்னும் கருத்து வலுவுடையது. அச்சந்திப்புக்குக் களம் அமைத்தது குடியேற்றவாதமாகும்.

சந்திப்பு மாத்திரம் கொள்ளைநோயாவதில்லை. 1962 டிசம்பரிற் புளொரிடாவைத் தாக்கிய கடும் உறைபனி அங்குள்ள தோட்டங்களை அழித்தது. ஐக்கிய அமெரிக்கச் சந்தையிற் சாற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. மறுவாண்டிலேயே பிறேசில் செறிவூட்டி உறையவைத்த தோடஞ்சாற்றைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. 1966 முதல் இச்சாறு நியூயோர்க்கின் முன்பேரச் சந்தையில் ஊகவாணிபப் பண்டமாயிற்று. 1980களிற் பிறேசில் உலகின் முதன்மைத் தோடை உற்பத்தி நாடாகியது. இன்று உலகச் சந்தையில் விற்பனையாகும் தோடஞ்சாற்றில் ஏறத்தாழ முக்காற்பங்கு அந்நாட்டினது. அதன் மிகப் பெரும்பகுதி சாவோ பாவுலோ மாநிலத்திலும் அதனையடுத்த மினாஸ் ஜெறாய்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலும் பரந்துள்ள 'தோடை வலயத்தில்' விளைகின்றது.

சாற்றாலைக்கு ஆண்டின் நீண்டகாலம் பழம் வந்துகொண்டிருக்க வேண்டும். அன்றேல் பெருமுதலிட்ட இயந்திரங்கள் வாளாவிருக்க நேரிடும். எனவே முந்திப் பழுப்பன, இடையிற் பழுப்பன, பிந்திப் பழுப்பன என வகைவகையாக நடப்படுகின்றன. பிந்திய வகைகளிற் பழம் பல மாதங்கள் மரத்தில் தொங்கும். பழைய பழம் பறிபடுமுன்னரே புதிய காய் பிடித்திருக்கும். உண்ணி விரும்பி வாழுமிடமோ காய்களே. அதிலும் சொறி நோயாற் கரடுமுரடான காய்த்தோல் அதற்குச் சிறந்த புகலிடம். இவ்வாறு ஆண்டு முழுவதும் உண்ணிக்கு வீடு அமைத்துக் கொடுத்தது எது? சாற்றாலையின் கால அட்டவணை என்பதே விடையாகும். பல்லாயிரம் ஹெக்ரேயரில் ஒரே இனம், மிக எளிதில் நோய்க்கு இலக்காகும் இனிப்புத் தோடை, இடைவெளியின்றி நிற்கும்போது, தூய்மையாகப் பிறக்கும் உண்ணி நோயுற்ற காயத்தைச் சந்திக்கும் வாய்ப்பு மேலும் பெருகுகின்றது.

5

நோயுற்ற தோடை இறக்கவேண்டிய விதியுடையதன்று. வைரசு காயத்தைவிட்டு அகலாததால், காயமுற்ற கிளைகளைக் கத்தரித்து நீக்கி, பறிப்பின்போது ஒரு பழமும் எஞ்சாது அகற்றி, களைகளையும் வேலிகளையும் கவனித்து, உண்ணியைக் குறைத்துவைத்தால் மரம் மீண்டுவிடும். மரம் முழுவதும் பரவுவதால் வேரோடு பிடுங்கவேண்டிய பிற நோய்களோடு ஒப்பிட இது பெரும் வேறுபாடாகும். ஆயின் மேற்கூறிய ஒவ்வொரு செயலும் மனித உழைப்பை வேண்டுவது. கூலி செலவாகக் கணக்கிடப்படும் பொருளாதாரத்தில், நூறு மரத்தைக் கத்தரிப்பதிலும் ஆயிரம் மரத்துக்கு மருந்தடிப்பது மலிவாகத் தோன்றும்.

அவ்வாறே நிகழ்ந்தது. உண்ணிகொல்லிகளுக்கெனப் பிறேசிலின் தோடைச் செய்கை ஆண்டுதோறும் பல பத்து மில்லியன் டொலரைச் செலவிட்டு வந்துள்ளது. நெடுங்காலம் பயன்பட்ட நஞ்சுகளுள் ஒன்று டி.டி.ரி.யிலிருந்து தயாரிக்கப்பட்ட டைகோபோல். 2019இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் ஒழிக்கப்படவேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னரே, அதனையும் வேறு சில உண்ணிகொல்லிகளையும் தாங்கி வாழும் உண்ணிகள் சாவோ பாவுலோவின் தோட்டங்களில் அறியப்பட்டிருந்தன. 2004இல் 'பசுமையாதல்' என்னும் கொடிய பற்றீரியா நோய் அங்கு கண்டறியப்பட்டதும், அதனைக் காவும் பூச்சிக்கு எதிரான தெளிப்புகள் பன்மடங்கு பெருகின. அப்பூச்சிகொல்லிகள் பல, தீய உண்ணியை உண்டு வாழும் நல்லுண்ணிகளையும் கொல்வன. ஒரு நோய்க்கான பரிகாரம் இன்னொரு நோயின் எதிரிகளை அழித்தது. நஞ்சு, எதிர்ப்புத்திறன், புதிய நஞ்சு என்ற இச்சுழற்சியில் இலாபம் நிச்சயமானது ஒருவர்க்கே; அவர் நஞ்சு விற்பவர்.

உழைப்பாளியின் நிலை யாது? மருந்தடிக்கவேண்டிய வேளையை நிர்ணயிக்க, பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லையோடு மரம் மரமாகச் சென்று காய்களில் உண்ணியைத் தேடும் பரிசோதகர் அங்குள்ளனர். அவர்களது கண்களின்மீதே முழு ஏற்பாடும் தங்கியிருக்கின்றது. பழம் பறிப்போர் பெட்டிக் கணக்கிற் கூலி பெறுவோர். வாணிபக் கணக்கில் ஒரு பெட்டி 40.8 கிலோகிராம். விரைந்து பெட்டி நிரப்பவேண்டியவர், கிளை நடுவே ஒளிந்திருக்கும் ஒற்றைப் பழத்தைத் தேடி நிற்கமாட்டார். அப்பழமே அடுத்த பருவத்துக்கு உண்ணியைக் காவிச்செல்லும். உழைப்பாளியின் கவனக்குறைவு எனப்படுவது கூலிமுறையின் விளைவேயாகும். பிறேசிலில் இத்தகைய அன்றாடக் கூலிகளை 'ஆறிய சோறு' எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். விடியுமுன் கட்டிச்சென்ற உணவை வயலில் ஆறியபடி உண்போர் என்பதால் அப்பெயர். 1984 மே மாதத்திற் குவாரிபா என்னுமிடத்துக் கரும்பு வெட்டுவோர் கிளர்ந்தெழுந்தபோது, தோடை வலயத்தின் பெபெதோறோவிற் பழம் பறிப்போரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களது கோரிக்கைகளைத் தாவர நோயியல் நூல்களில் எவரும் தேடமாட்டார். ஆயினும் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பது அம்மரங்களின் உடல்நலத்தோடும் தொடர்புடையதென்பதை மேலே கண்டோம்.

சிறு தோட்டக்காரர் நிலையும் இவ்வாறானதே. பழத்தை வாங்குவோர் கைவிரலால் எண்ணத்தக்க சில நிறுவனங்கள். அவை 1999 முதல் 2006 வரை விலையைக் கூட்டாக நிர்ணயித்தமை பற்றிய வழக்கு, 2016இல் ஏறத்தாழ 300 மில்லியன் றியால் செலுத்தும் உடன்பாட்டோடு முடிந்தது. விலை வீழ்ச்சியுறும் ஆண்டிற் சிறு தோட்டக்காரர் முதலிற் குறைப்பது பராமரிப்பையே. கைவிடப்பட்ட தோட்டம் அயலாருக்கு நோயின் ஊற்றாகும். அவ்வேளையில் அறிக்கைகள் அவரையே குறைகூறும்.

6

றிச்சர்ட் லெவின்ஸ், றிச்சர்ட் லெவொன்ரின் என்னும் மார்க்சிய உயிரியலாளர் இருவர் 1985இல் வெளியிட்ட 'இயங்கியல் உயிரியலாளர்' என்னும் நூல், உயிரியும் சூழலும் ஒன்றையொன்று ஆக்கும் முறைமையை வற்புறுத்தியது. லெவொன்ரின் பின்னர் முகவருக்கும் காரணத்துக்குமிடையிலான வேறுபாட்டைத் தெளிவாக்கினார். கிருமி முகவர், அது கொல்லும் ஆற்றல் பெறும் சமூக நிலைமைகளே காரணம் என்பது அவரது வாதத்தின் சாரம். தோடையின் நோய்க்கு இதனைப் பொருத்தின், வைரசும் உண்ணியும் முகவர்கள். தனிப்பயிர்ச் செய்கையும், ஆலையின் கால அட்டவணையும், பெட்டிக் கூலியும் அம்முகவர்களை ஒன்றுசேர்த்துக் கொள்ளைநோயாக்கும் காரணங்கள் எனலாம்.

இங்கு இரு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, சமூகக் காரணத்தை வற்புறுத்துவோர் முகவரை மறுத்துவிடலாகாது. 1948இற் சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகத்திற் பரம்பரையியல் 'முதலாளித்துவ விஞ்ஞானம்' என்று கண்டிக்கப்பட்டதையும், வவிலோவ் போன்ற மாபெரும் தாவரவியலாளர் 1943இற் சிறையில் மடிந்ததையும் மார்க்சியர் மறத்தலாகாது. கித்தாஜிமா கண்ட துணிக்கைகள் எந்த வர்க்கத்தின் கற்பனையுமல்ல. அவற்றை அறியாதிருந்தால், மரத்தை வெட்டாது கிளையைக் கத்தரித்தாற் போதும் என்பதன் விளக்கமும் நமக்குக் கிடைத்திராது. படைப்பின் உருவத்தை ஆராயாது ஆசிரியனது வர்க்கத்தை மட்டும் கூறி ஓயும் யாந்திரிக விமரிசனம் இலக்கியத்துக்குச் செய்த தீங்கையே, இவ்வகை மறுப்பு விஞ்ஞானத்துக்குச் செய்தது.

இரண்டாவது, உடைமை மாறினாற் போதும் என்ற எளிய முடிவும் பிழையானது. கியூபாவின் ஹகுவே கிராண்டேயிற் புரட்சி அரசு உருவாக்கிய பெரும் நாரத்தை இனத் தோட்டங்கள் தனியாருக்கு உரியனவல்ல. எனினும் அவையும் ஏற்றுமதிக்கென ஒரேயினத்தைப் பரந்த நிலத்தில் நட்டவையே; 2000களின் பிற்பகுதியில் 'பசுமையாதல்' நோய் அங்கு பரவியபோது அவையும் பேரழிவுக்குள்ளாயின. யார் உடைமையாளர் என்பதோடு, எப்படி உற்பத்தி செய்யப்படுகின்றது என்பதும் சேர்ந்தே உற்பத்தி முறையாகும்.

இவை அயல்நாட்டுச் செய்திகளாக நமக்குத் தோன்றலாம். ஆயின் இலங்கையின் மலைகளில் 1869இற் தோன்றிய கோப்பித் துருநோய், இருபது ஆண்டுகளுக்குள் ஒரு பெருந்தோட்டப் பயிரையே இல்லாதொழித்தது. 1880இல் இங்கு வந்து அதனை ஆராய்ந்த மார்ஷல் உவோட், பங்கசின் வாழ்க்கையை விளக்கியதோடு அமையவில்லை. தடையின்றிப் பரந்துகிடந்த ஒரேயினப் பயிரே அதன் வித்திகள் காற்றிற் பரவ வழிசெய்தது என்பதையும் உணர்ந்தார். கோப்பியின் இடத்தில் வந்த தேயிலையும் தனிப்பயிரே. அதன் இலையை உறிஞ்சும் பீடைகளுட் செந்நிற உண்ணியும் ஒன்று. தோடையின் வைரசுகளைக் காவும் அதே 'பிரெவிபல்பசு' பேரினத்தைச் சேர்ந்தது அவ்வுண்ணி. தேயிலையில் அது இத்தகைய நோயைப் பரப்புவதாக அறியப்படாதபோதிலும், உறவுகளை உண்டாக்கும் நிலைமைகள் நம்மிடமும் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது.

புளொரிடாவின் வரலாறு ஒரு செய்தியைத் தருகின்றது. அங்கு 1960களின்பின் இந்நோய் மறைந்தது. வேறொரு சிற்றுண்ணிக்கெனத் தெளிக்கப்பட்ட கந்தகமும் உறைபனியும் அதற்கு உதவியிருக்கலாம் என்பர். உலர்த்திப் பேணப்பட்ட பழைய புளொரிடா இலைகளிலிருந்து, பழஞ்சுவடியிலிருந்து பாடத்தை மீட்பதுபோல, வைரசின் பரம்பரைச் செய்தியை ஆய்வாளர் வாசித்து 2015இல் வெளியிட்டனர். அங்கிருந்தது கருவினுட் தங்கும் வகையாகும். அவ்வைரசை இலக்காகக் கொண்டு எவரும் அதனை ஒழிக்கவில்லை. அது இன்னதென அறியப்படுமுன்னரே, அதனைத் தாங்கி நின்ற உறவு அறுபட்டது.

ஆகவே, எந்த நஞ்சு உண்ணியைக் கொல்லும் என்ற கேள்வியோடு வேறு சில கேள்விகளையும் ஆராய்ச்சி நிலையங்கள் எழுப்பவேண்டும். பழம் எத்தனை மாதம் மரத்தில் தொங்கவேண்டும் என்பதை யார் தீர்மானிக்கின்றனர்? கடைசிப் பழத்தைத் தேடிப் பறிப்பதற்கு உழைப்பாளிக்கு என்ன கூலி? கத்தரித்தலின் செலவை யார் ஏற்பது? தாவர நோயியல் இக்கேள்விகளுக்குத் தனித்து விடைகாண இயலாது. சமூக விஞ்ஞானமும், உண்ணியையும் வைரசையும் அறியாது, இவற்றுக்கு விடைகூற இயலாது. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு மரத்தடியில் நின்று வினவத் தொடங்கும்போதே காரணம் பற்றிய ஆய்வு அதன் முழுப்பொருளைப் பெறும்.